என் அருவருப்பை அவருக்குக் கொடும்

ஆண்டவரின் பிள்ளைகள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். முதலிலேயே ஒரு வேண்டுகோள். இந்தச் சாட்சியைச் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் பிறந்தது நாசரேத். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டேன். என் கணவர் செல்லத்துரை மரவேலை செய்கிறவர். கட்டில், பீரோ, கோவில் பெஞ்சு எதுவானாலும் முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போடுவார். குடியும் உண்டு. அரசாங்கம் சாராயக் கடைகளை மறுபடியும் மூடின வருஷம், இனி நமக்கு விடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அவர் வேலைக்காக ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து வைத்திருந்த பாலிஷையே எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.

அரக்கும் ஸ்பிரிட்டும் வயிற்றுப் புளிப்பும் கலந்த ஒரு நாற்றம். என் மகளின் ஞானஸ்நானத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையில்தான் பாலிஷை வடிகட்டினார். சட்டை பழுப்பேறி, அப்பளம்போல விறைத்துக் கிடந்தது. அவர் வாந்தி எடுத்தால் தரையில் பிசினாக ஒட்டும். அதில் ஈ உட்கார்ந்தால் எழும்பாது. துடைத்தால் போகாது, பழைய கரண்டியால் சுரண்ட வேண்டும். சுரண்டின கையை எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கையால் பிள்ளைகளுக்குச் சோறு பிசைய எனக்குக் கூசும். அவர் வாய் வைத்த செம்பை நான் தொடமாட்டேன். கோவிலுக்குப் போனால் அங்கேயும் பெஞ்சில் அதே வாசம். கண்ணை மூடினால் ஜெபம் வராது. குமட்டல்தான் வரும்.

நாசரேத்திலிருந்து என் அண்ணன் பார்க்க வந்தார். வாசலைத் தாண்டவில்லை.

"ஏளா, இன்னுமா இந்த நாத்தத்துல கெடக்க? பிள்ளையளுக்கு முழுப் பரீட்சை முடியட்டும். நான் வந்து கூட்டிட்டுப் போயிருதேன்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அறுப்பின் பண்டிகைக்கு அடுத்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறை. பாதிப் பாட்டில் என் கணவர் தள்ளாடி உள்ளே வந்தார். பாயின் நடுவில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே வாந்தி எடுத்தார். ஜெபம் நடத்த வந்த உபதேசியார் வேட்டியில் தெறித்தது. ஆசீர்வாதத்தை அவசரமாகச் சொல்லி முடித்தார்கள். போட்டு வைத்த காபியைத் தொடாமல் எல்லாரும் போய்விட்டார்கள்.

ஒருவர் மட்டும் போகவில்லை. சபையில் கடைசி வரிசையில் உட்காருகிற ஓய்வுபெற்ற சுபேதார். அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து போட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி இந்த அசிங்கம்?" என்றேன்.

"நீங்க தள்ளிக்கோங்க தங்கச்சி. மிலிட்டரி ரம்முல நானும் இப்பிடித்தான் கெடந்தேன். என் வீட்டுக்காரி அள்ளி அள்ளியே போய்ச் சேந்துட்டா."

அவரும் பட்டாளத்திலிருந்து வந்த இன்னும் இரண்டு பேரும் உப்பளத்து நடுவில், முன்பு உப்பு மூட்டை அடுக்கி இப்போது கைவிட்டுப்போன ஒரு கிட்டங்கியில் குடிகாரர்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போர்டு கிடையாது. அவர்கள் பென்ஷனில்தான் கஞ்சி. ஊரில் அதை மிலிட்டரி கொட்டகை என்பார்கள். அன்றைக்கே என் கணவரை ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்.

சபையார் என் கணவருடைய இரட்சிப்புக்காக ஜெபித்தார்கள். எனக்கு அந்த ஜெபம் வரவில்லை. மிச்சக் கறையைச் சுரண்டிக்கொண்டே, கையில் கரண்டியோடு சொன்னேன்: "ஆண்டவரே, இந்த மனுஷனை நேசிக்க என்னால் முடியவில்லை. எனக்குள் இருக்கிற அருவருப்பை அப்படியே எடுத்து அவருக்குக் கொடும்."

கிறிஸ்மஸுக்கு முன்னால் அவர் திரும்பி வந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. வேதத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். சபையில் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னார். புது வருஷம் பிறந்த கொஞ்ச நாளில் கோழிக்கூட்டுக்குள் பாலிஷ் பாட்டில் இருந்தது. அன்று சாயங்காலம் எடுத்த வாந்தியில், படுத்திருந்த பாயோடு தரையில் ஒட்டிக்கொண்டார். சுபேதார் வந்தார்.

"உங்க ஜெபமெல்லாம் காத்துல போச்சு அண்ணாச்சி."

"ஜெபத்தை அப்புறம் பாப்போம். வாளி எங்கன இருக்கு?"

கழுவி முடித்தபிறகு ஒரு காரியத்தைச் சொன்னார். கொட்டகையில் தெளிந்தவன் எவனும், புதிதாக வருகிறவனைக் குளிப்பாட்டிவிட வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

"இவரு நல்ல கைவேலைக்காரர்லா. கதவு, ஜன்னல் எல்லாம் உளுத்துக் கெடந்துது. அதைப் பாருன்னு விட்டுட்டேன். ஒருத்தனைக்கூடக் குளிப்பாட்டல. தப்பு என் பேர்ல. இந்தத் தடவை உளியைத் தொட விடமாட்டேன்."

மறுபடியும் அவரைக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். நான் நம்பவில்லை. அண்ணனோடு புறப்பட என் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் வந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனேன். கொட்டகை வாசலில், கீழவைப்பாரிலிருந்து சங்கு குளிக்கிற ஒருவரை அவருடைய தம்பி கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனுக்கு இடுப்புத் துணியிலேயே எல்லாம் போயிருந்தது. தாடியில் வாந்தி காய்ந்து, அதன்மேல் மணல் அப்பியிருந்தது.

சுபேதார் என் கணவரைக் கூப்பிட்டார். "ஏலே செல்லத்துரை, உன் முறை."

அவர் கிணற்றடியில் அந்த ஆளை உட்காரவைத்துத் துணியை அவிழ்த்தார். இரண்டு வாளி ஊற்றினார். தாடியைத் தேய்க்கக் குனிந்தபோது அந்த ஆள் அவர் நெஞ்சிலேயே வாந்தி எடுத்தான். என் கணவர் வாளியைப் போட்டுவிட்டு உடைமரத்துக்கு ஓடினார். மரத்தைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிறமாதிரி ஓங்கரித்தார்.

"எங்கன ஓடுத? சோப்பு இங்கனலா இருக்கு" என்றார் சுபேதார், இருந்த இடத்திலிருந்தே.

திரும்பி வரும்போதுதான் அவர் என்னைப் பார்த்தார்.

"ஏளா, நானும் இப்பிடியா நாறுனேன்?"

பொய் சொல்லி ஆறுதல்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

"இதைவிட" என்றேன்.

அப்போது அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. உதடு கோணி, மூக்கு சுருங்கி, கண்ணில் தண்ணீர் நின்றது. அது என் முகம். வருஷக்கணக்காகக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நான் வைத்திருந்த முகம். கேட்டதை ஆண்டவர் கொடுத்துவிட்டார் என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. என் கணவர் மறுபடியும் உட்கார்ந்து அந்த மனுஷனின் தாடியைத் தேய்த்தார். பாதம்வரைக்கும் தேய்த்துக் கழுவினார். நான் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன்.

பரீட்சை முடிந்து அண்ணன் வந்தபோது இவர் வீட்டில் இருந்தார். அண்ணன் நேரே கிட்டப் போய் மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"என்ன மச்சான், மோந்து பாக்கீய?"

"பாக்கத்தான் செய்வேன். என் தங்கச்சில்லா."

பார்த்துவிட்டு எங்களோடு உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டார். சாயங்கால பஸ்ஸில் தனியாக ஊருக்குப் போனார்.

இவர் இப்போது பாலிஷ் வேலைக்குப் போவதில்லை. தோணிகளுக்குப் பலகை மாற்றுகிற வேலை. பக்கத்து வீட்டில் வார்னிஷ் டப்பா திறந்தாலே எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விடுவார். என் அருவருப்பு ஒரே நாளில் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஒரு நாள் அவர் குடித்து வைத்த செம்பில் நானும் தண்ணீர் குடித்திருந்தேன். குடித்தபிறகுதான் கவனித்தேன்.

இதை வாசிக்கிற சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்த நாற்றம் இருக்கலாம். நல்ல வார்த்தைகளை ஜோடித்துக்கொண்டு ஆண்டவரிடம் போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர் மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவர். நாற்றம் அவருக்குப் புதிதல்ல.

ஞாயிறுதோறும் நாங்கள் இரண்டு பேரும் கொட்டகைக்குப் போகிறோம். போன வாரம் பெரியதாழையிலிருந்து ஒரு அம்மா புருஷனைக் கொண்டுவந்திருந்தார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு முந்தானையை எடுக்கப் போனார்கள்.

"எடுக்காண்டாம் அக்கா" என்றேன். "பொத்திக்கிட்டே ஜெபம் பண்ணுங்க. ஆண்டவருக்குக் கேக்கும்."