ஊர்காவற்றுறையில் ஓர் உச்சத் தொனி

எழுவைதீவுக்குப் போகும் லோஞ்சுப் படகுக்காக ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நிற்கிறேன். பக்கத்தில் மாதா கோயில் பாண்ட் வாத்தியக்காரர் சவிரியண்ணை, ட்றம்பெற்றை உடுத்திருக்கும் சாரத்தில் துடைக்கிறார். யாரும் தொடாத உயரத் தொனியில் ஊதிய அமெரிக்கர் ஒருவர் இறந்துபோனாராம், இவர் ரேடியோவில் கேட்டாராம். அவருக்காக அந்த உச்சத் தொனியை ஒருமுறை தொட வேண்டுமாம்.

“அவ்வளவு உயரம் ஏலுமோ அண்ணை?”

“ஏலாது. ஆனா ஊதோணும்.”

ஊதுகிறார். தொனி பாதியில் உடைகிறது.

இந்தக் கரையில் ஊதினால் மீன் வந்துவிட்டதென்று அர்த்தம். ஐந்தாறு பெண்கள் ஓலைப்பைகளோடு ஓடி வருகிறார்கள்.

“மீன் எங்கை?”

“மீனில்லை அக்கா. அமெரிக்காவில ஒராள் செத்துப்போனார். என்னைப்போல ஊதிறவர்.”

“உம்மைப்போலயோ? பாவம்.”

கேட்டவள் பையைக் கீழே வைக்கிறாள்.

“செத்த மனுசனுக்கு அரைகுறையாவே ஊதிறது? திரும்ப ஊதும். நாங்கள் நிக்கிறம்.”