திரும்பி வரும் தட்டுகள்

சாப்பிட்டு முடித்த தட்டு எதுவும் சமையல் மாஸ்டர் கையைத் தாண்டாமல் கழுவுகிற தொட்டிக்குப் போக முடியாது. வாங்கி, விளக்குக்குக் கீழே பிடித்து, ஓரங்களைப் பார்ப்பார். பெண்ணுக்குப் பொருத்தம் பார்க்கிறவர்கூட ஜாதகத்தை இவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்.

"வாய் பொய் சொல்லும்பா. காசு குடுக்கும்போது எல்லாரும் பிரமாதம்னுதான் சொல்லுவாங்க. தட்டு சொல்லுமா?"

இந்த வெளிநாட்டில் மாஸ்டர் சாப்பாட்டுக் கடை போட்ட புதிதில் தட்டுகள் நிறையவே பேசின. ஓரத்தில் கறிவேப்பிலை ஒதுங்கியிருந்தது. மறுநாளே அரைத்துக் கரைத்துவிட்டார். மிளகாய் பாதியானது, புளி குறைந்தது, தேங்காய்ப்பால் கூடியது. முருங்கைக்காய்தான் படுத்தி எடுத்தது. இந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் அதைக் கத்தியால் நறுக்கி, நாரோடு மென்று, மரியாதைக்காக விழுங்கியும்விட்டார். "மனுஷனுக்குக் கண்ணுல தண்ணி. பாவமாப் போச்சு எனக்கு." அன்றிலிருந்து வேகவைத்து, சதையை மட்டும் வழித்துப் போடுகிறார். தட்டுகள் துடைத்து வைத்தாற்போல் வர ஆரம்பித்தன. கடையில் உட்கார இடமில்லை.

பலகையில் இந்த ஊர் எழுத்தில் முதல் வரியே 'அக்கா குழம்பு'தான்; அந்த முருங்கைக்காய்க் குழம்புதான். "எங்க அக்கா கைப்பக்குவம்" என்று கேட்டவரிடமெல்லாம் மார்தட்டியவர், போன வாரம் அந்த அக்காவே ஊரிலிருந்து வந்து மேஜை முன் உட்கார்ந்ததும், அதே குழம்பை ஊற்றிக் கொடுத்தனுப்பிவிட்டு அடுப்படியிலேயே நின்றுகொண்டார். 'நம்ம வீட்டுக் குழம்பு' என்று அக்கா வாயால் ஒரு வார்த்தை வந்துவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

தட்டு உள்ளே வந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லை.

"அக்காகிட்டயும் பாஸ் ஆயிட்டீங்க மாஸ்டர்!" என்றார் பாத்திரம் கழுவுகிறவர்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா முருங்கைக்காய்க் குழம்பு சாப்பிட்டு எழுந்தால், தட்டோரம் மென்று போட்ட சக்கை ஒரு குவியல் கிடக்கும். வெளியே போய் நின்றார்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுடா தம்பி, இதமா. என்ன குழம்பு அது?"

உள்ளே வந்தவர் ஒரு சின்னச் சட்டியை அடுப்பில் ஏற்றினார். கறிவேப்பிலையைக் கொத்தாக உருவி எண்ணெயில் போட்டார். முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கினார். புளியைத் தாராளமாகவே கரைத்து ஊற்றினார். கொதித்ததும் இறக்கி, சட்டியோடு வெளியே போனார்.

"ஐயோ, வயிறு நிறைஞ்சிடுச்சுடா" என்றார் அக்கா, சட்டியோடு வந்து நின்ற தம்பியைப் பார்த்து.

"ஒரே ஒரு வாய்க்கா."

குழம்பை ஊற்றுவதற்கு முன், அக்காவின் இடக்கைப் பக்கம் ஒரு காலித் தட்டை நகர்த்தி வைத்தார், சக்கை போட.