செத்தவர் நாற்காலி

வரலாற்று ஆசிரியை வின்னி பில்லிங்ஸின் வகுப்பறையில் ஒரு நாற்காலிக்குச் ‘செத்தவர் நாற்காலி’ என்று பெயர். அமெரிக்காவின் வெர்மான்ட் மலைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் ஊர் ஈஸ்ட் பார்லோவில் படித்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அதன் முன்னால் நின்று மூக்குடைபட்ட கதை ஒன்று வைத்திருப்பார்கள்.

குளிர்காலம் வந்தால் வின்னி ஜே ஒப்பந்தத்தை எடுப்பாள். நாடு பிறந்து கொஞ்ச வருடத்தில் ஜான் ஜே இங்கிலாந்துக்குப் போய் முடித்துக்கொண்டு வந்த உடன்படிக்கை. சண்டை வராமல் காப்பாற்றினார் என்றது ஒரு கட்சி. நாட்டையே விற்றுவிட்டார் என்று ஊர் ஊராக அவர் கொடும்பாவியைக் கொளுத்தியது இன்னொரு கட்சி. பாடப்புத்தகத்தில் இத்தனைக்கும் சேர்த்து நாலே வரி. வின்னி அந்தப் பக்கமே போக மாட்டாள். ஒப்பந்தத்தின் வாசகம், அந்தக் காலத்துப் பத்திரிகை, ஒப்பந்தத்தை ஆதரித்து வியாபாரிகள் கொடுத்த மனு என்று அசலின் நகல்களை மேசைமேல் போட்டு, “படிங்க” என்பாள்.

வசவு எழுதிய பத்திரிகையைப் படித்ததும் பிள்ளைகளுக்கு ரத்தம் கொதிக்கும். “ஜே ஒரு துரோகி, மிஸ்!” அப்போதுதான் நாற்காலி நடுவில் வரும். ஒருவன் வியாபாரிகளின் மனுவோடு அதில் உட்காருவான். செத்துப்போன வியாபாரி இனி அவன்தான். அவனை எதிர்க்க வருகிறவன், முதலில் அவன் கட்சியை அவனுக்கே எடுத்துச் சொல்ல வேண்டும். காகிதத்தில் இல்லாததைச் சொன்னால் நாற்காலிக்காரன், “ஊஹூம், நான் அப்படிச் சொல்லல. மறுபடி சொல்லு” என்பான். அவன் வாயிலிருந்து ‘ஆமாம்’ வரும்வரை பதில் பேசக் கூடாது. எத்தனை வீறாப்போடு வந்தவனும் ரெண்டு தடவைக்குள் அடங்கிவிடுவான். செத்தவர்களுக்குக்கூட நியாயம் செய்யத் தெரிந்தவள் என்று வின்னிக்கு ஊரில் நல்ல பேர்.

உயிரோடு இருக்கிற அண்ணன் விஷயத்தில்தான் அவளுக்கு அது வரவில்லை.

பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். உயர்நிலைப் பள்ளியையே மூடிவிட்டு, பிள்ளைகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளிக்கு அனுப்பலாம் என்று முதலில் சொன்னது அவள் அண்ணன் ஓரின். போன இலையுதிர் காலத்தில் அவன் கட்டுப்படியாகாமல் பண்ணை மாடுகளை விற்றான். கடைசி மாடு லாரியில் ஏறிய அன்று, அவன் சமையலறையில் வைத்து பள்ளி விஷயமாக இருவருக்கும் வாய் முற்றிவிட்டது. அதிலிருந்து பேச்சு இல்லை. ஒரே சாலையில் வீடு. அவன் வண்டி எதிரே வந்தால் இவள் பனியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவாள். இதெல்லாம் ஒரு பிழைப்பா!

மார்ச்சில் ஊர்க்கூட்டம். மண்டபத்தில் ஈர பூட்ஸ் நாற்றம், பின்னால் மதியச் சாப்பாட்டுக்கு அடுப்பில் வேகும் பீன்ஸ். பள்ளியை மூடுவதா வேண்டாமா என்று அன்றைக்கே வாக்கெடுத்து முடிக்க வேண்டும். பாதிப் பேர் மதில்மேல் பூனை. வின்னி நன்றாகப் பேசினால் பள்ளி பிழைத்துவிடும் என்று ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும்.

எழுந்தாள். “எங்க அண்ணனுக்கு வரிப்பணம் ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியுது...”

“தலைவரே, ஒரு நிமிஷம்” என்று ஓரின் எழுந்தான்.

கூட்டத்தை நடத்துகிற க்ளைட் சுத்தியலைத் தட்டினார். “உன் முறை வரும் ஓரின், உக்காரு.”

“உக்காரத்தான் போறேன்.” ஒரு மடக்கு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து தங்கைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான். “உன் சட்டம்தான் வின்னி. என் பொண்ணு வீட்ல இதைச் சொல்லிச் சொல்லியே என் உயிரை எடுத்தா. நான் என்ன சொன்னேன்? சொல்லு.”

மண்டபமே சிரித்தது. “மாட்டிக்கிட்டீங்களா மிஸ்!” என்றான் பின்வரிசைத் தச்சன், அவளிடம் படித்தவன்.

வின்னிக்கு முகம் சிவந்தது. போய்யா என்று சொல்லியிருக்கலாம். எத்தனை பிள்ளைகளை அந்த நாற்காலியின் முன் நிறுத்தியிருக்கிறாள்! எந்த முகத்தோடு இப்போது ஓடுவாள்?

“வரி கட்ட முடியல, அதனால மூடணும்னு சொன்னே.”

“ஊஹூம். நான் அப்படிச் சொல்லல.”

“பெரிய பள்ளிக்கூடத்துல பாடம் அதிகம்னு சொன்னே.”

“அது க்ளைட் சொன்னது. மறுபடி சொல்லு.”

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. வின்னி அந்தச் சமையலறையை நினைத்துப் பார்த்தாள். வெளியே லாரி. மேசையில் அவன் தொடாத காப்பி. வரி என்று அவன் ஆரம்பித்ததுமே இவள் பாய்ந்துவிட்டாள். அதற்கப்புறமும் அவன் ஏதோ சொன்னான். இவள் கத்தியதில் அது அமுங்கிப்போயிற்று. காதில் விழாமல் இல்லை, விழுந்தது.

“உன் பொண்ணு பெக்கியைப் பத்திச் சொன்னே” என்றாள். “அவ வகுப்புல வேற பொண்ணே இல்ல. நாலு வருஷமும் மத்தியானம் தனியாவே சாப்பிட்டான்னு சொன்னே. பக்கத்து ரூம்ல இருந்த அத்தை நான்கூட அதைக் கவனிக்கலைன்னு... இன்னொரு பிள்ளை அப்படி உக்காரக் கூடாதுன்னு சொன்னே.”

ஓரின் தலை குனிந்தது. “ஆமா. அதான் சொன்னேன்.”

இனி அவள் பதில் சொல்லலாம். சட்டப்படி உரிமை உண்டு. கையிலிருந்த உரையைப் பார்த்தாள். அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மூட வேண்டும் என்பவர்கள் ஜன்னல் பக்கம், கூடாது என்பவர்கள் அடுப்புப் பக்கம் என்றார் க்ளைட். காலையில் அவளுக்கு வாக்குக் கொடுத்த தபாலாபீஸ் ஹேசல், கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போனாள். அவள் பின்னால் இன்னும் பலர். வின்னி அடுப்புப் பக்கமே நின்றாள். எண்ணிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஜூனோடு பள்ளி முடிந்தது.

சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்தபோது அவள் மேசைக்கு ஒருத்தரும் வரவில்லை. துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாத மாதிரி விலகி நின்றார்கள். ஓரின்தான் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான். மேப்பிள் பாகு ஊற்றிய கேக்கில் ஒரு துண்டை அவள் பக்கம் தள்ளினான்.

“இப்ப என் முறை” என்றான். “வேலை போயிடுமேன்னு பேச வந்தே.”

“ஊஹூம்.”

“நம்ம ஊர் பேரு அழிஞ்சிடும்னு.”

“நான் அப்படிச் சொல்லல. மறுபடி சொல்லு.”

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

“பெக்கி தனியா சாப்பிட்டாளே, அதுக்குப் பக்கத்து ரூம்ல நீயும் தனியாத்தான் சாப்பிட்டே வின்னி. எங்க யார் கண்ணுக்கும் அது படல. அந்தப் பிள்ளைங்கதான் உனக்கு வீடு. அதைப் பறிச்சிடாதீங்கன்னு சொல்ல வந்தே.”

“ஆமா” என்றாள் வின்னி.