கால் அசைந்தால் போதும்

என் கணவர் அருண் மைதானத்தில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. போன அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தோடு ஓடி வருபவரைப் பாய்ந்து தடுப்பது அவர் வேலை. அமெரிக்காவிலேயே, சுகர் லேண்ட் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவர். பெரிய டீமில் சேர்ந்து அதுதான் முதல் சீசன்.

கழுத்தில் அடி. ஆபரேஷன் ஆனது. கை அசைந்தது, கால் அசையவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிசியோதெரபிஸ்ட். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. ஆஸ்பத்திரியில் அந்தப் படிப்பே என்னை வதைத்தது. டாக்டர் சொல்லாமல் விட்டதும் எனக்குப் புரிந்தது. அருணின் பாதத்தைத் தொட்டு, "தெரியுதா?" என்பேன்.

"தொட்டுட்டியா?" என்று கேட்பார்.

கால் அசைய வேண்டும், அவர் மறுபடி விளையாடவும் வேண்டும் என்று வேண்டினேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புவனா, விளையாடணும்னு மட்டும் வேண்டிக்காதம்மா. புள்ள நடந்தா போதும்னு கேளு."

கோபம் வந்தது. ஆனால் பேரம் பேச எனக்குத் தெம்பில்லை. முருகா, கால் மட்டும் போதும் என்றேன்.

மறுநாள் காலை போர்வையைச் சரிசெய்தபோது வலது கால் கட்டைவிரல் அசைந்தது. அதைப் பிடித்தபடியே நின்றேன்.

கோடைக்குள் வாக்கர் இல்லாமல் நடந்தார். ஆனால் இனி ஆடக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். டீமும் அவரை நீக்கியது. தர்மபுரியிலிருக்கும் என் அம்மாவிடம் போனில் அவரே சொன்னார்.

"அத்தை, என்னை கட் பண்ணிட்டாங்க."

"ஐயோ, மறுபடியுமா? எங்க மாப்பிள்ளை, கழுத்துலயா?"

"கழுத்துல இல்ல அத்தை. டீம்ல."

"அவ்ளோதானா? ரத்தம் கித்தம் வரலையே?"

அருண் சிரித்தார். அடிபட்ட பிறகு அன்றுதான் சிரித்தார். போனை வைத்ததும் அழுதார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. ஆட்டம் காட்டும் ஞாயிறு மதியங்களில் டிவி போடுவதில்லை. அந்தத் துக்கத்தையும் முருகனிடமே விட்டிருக்கிறேன். இப்போது எந்த நோயாளியின் காலைத் தொடும் முன்பும் மனதுக்குள் அவனைக் கூப்பிடுகிறேன். முன்பெல்லாம் என் படிப்பை மட்டும்தான் நம்பினேன். உங்கள் கையில் ஒன்றுமே இல்லாத நேரம் வந்தால், நீங்களும் அவனைக் கூப்பிடுங்கள். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

நேற்று கோயில் படிகளில் அருண் எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினார். மெதுவாகப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு, அந்தக் கால்களைப் பார்த்தபடியே பின்னால் ஏறினேன்.