ஏகாதசிக்கு இடமில்லாத வெண்பா

யாப்பைப் பார்க்கும்போது பாடியவரின் கண்ணீரைப் பார்க்காதே என்று எனக்கு முதலில் சொன்னவர், ஆசிரிய கலாசாலையில் தமிழ் கற்பித்த பரமேஸ்வரி அம்மையார். ஓய்வுபெற்று வேலணையில் இருக்கும்போதும் அதையே கடைப்பிடித்தேன். பிறர் பாட்டைத் திருத்தப்போய் மாட்டிக்கொண்ட அன்பர்களே, என் குழப்பத்தையும் கேளுங்கள்.

கனிச்சீர்

புங்குடுதீவிலிருக்கும் என் பழைய மாணவி மங்கையின் தாயார் காலமானார். முப்பத்தோராம் நாள் வழங்கும் கல்வெட்டு என்னும் நினைவுநூலுக்காக, இறந்த மாதத்தையும் திதியையும் சொல்லும் வெண்பா ஒன்றை அவர்களின் அயலவர் செல்லத்துரை எழுதி வந்து காட்டினார். 'ஏகாதசி' ஒரே சீராக நின்றது. நேர், நேர், நிரை; அதாவது கனிச்சீர். வெண்பாவில் அதற்கு இடமில்லையென்று வட்டமிட்டேன். சோகம் எப்படி என்று கேட்டார். அதில் குறையில்லை என்றேன்.

"அப்ப அழுகை பாஸ், அசைதான் பெயில்."

நூற்றுக்கு நூறு

மறுநாள் திருத்திக் கொண்டுவந்தார். அலகிட்டுப் பார்த்தேன்; ஓரிடத்திலும் தளை தட்டவில்லை. செப்பலோசை தெளிவாக ஒலித்தது. ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.

"உங்களிட்டைச் சரி வாங்கிறதெண்டால் மனிசர் ரெண்டு தரம் சாகவேணும், ரீச்சர்."

தசமி

தாயார் இறந்த பதினோராம் மாதம் மங்கை கலங்கிய முகத்தோடு வந்தார். கனடாவிலுள்ள தமையன் கல்வெட்டைப் பார்த்து, ஆண்டு முடிவில் வரும் ஆட்டைத் திவசத்துக்கு அங்கே தசமியன்று மண்டபம் பிடித்துவிட்டாராம். இங்கே ஐயரோ ஏகாதசி என்கிறாராம். கல்வெட்டை விரித்தேன். நான் ஒப்பமிட்ட வெண்பாவில் தசமி! அலகிட்ட எனக்குப் பொருள் கண்ணில் படவேயில்லை.

செல்லத்துரையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்கள்தானே ஏகாதசிக்கு இடமில்லை எண்டனீங்கள்? பக்கத்துத் திதியைப் போட்டனான். வடிவாப் பொருந்திச்சு" என்றார். இரு சீராகப் பிரித்துப் பாடலாமென்று அன்றே சொல்லியிருக்க வேண்டியவள் நான். யாரைக் கோபிப்பதென்றே விளங்கவில்லை.

"எனக்குச் சீர் வேண்டாம் ரீச்சர், அம்மாவுக்குப் படைக்கிற நாள் சரியா வேணும்" என்று மங்கை அழுதார். தமையனைத் தொலைபேசியில் அழைத்து, பிழை என்னுடையது என்றேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"அச்சடிச்சது பிழையெண்டால் எல்லாத்திலயும் திருத்திப் படம் அனுப்புங்கோ, பிறகு மண்டப நாளை மாத்துறன்."

கல்வெட்டு வாங்கிய வீடுகளெல்லாம் ஏறி இறங்கி, நூற்றெண்பத்து மூன்று பிரதிகளிலும் தசமியை வெட்டி ஏகாதசி என்று எழுதி, பிழையற்ற ஒரு வெண்பாவை என் கையாலேயே நூற்றெண்பத்து மூன்று முறை தளை தட்ட வைத்தேன்.