பட்டன் அக்காவின் கடைசிச் சொல்

பயிற்சி மையத்தில் அவளுக்குப் பட்டன் அக்கா என்று பெயர். மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களுக்குப் பல் தேய்க்கவும், சட்டை போடவும், அடுப்பை அணைக்கவும், வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பவும் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. புதிதாகச் சேரும் பயிற்றுநர்களை அவள் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"மொதல்ல கையை எடுங்க. அப்புறம் வாயையும் மூடுங்க. உங்க குரலும் ஒரு ஊன்றுகோல்தான். பழக்கிட்டா அது இல்லாம ஒரு அடி வைக்க மாட்டாங்க."

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சொன்னவர் வீட்டில் துரை மாதிரி ஒருவன் இருந்திருக்க மாட்டான். அவள் வீட்டில் இருந்தான். நாற்பதை நெருங்கும் தம்பி. மையத்துக்கு வருகிறவர்களைப் போலத்தான் அவனும். அப்பா அம்மா போனபின் அவனுக்கு எல்லாம் அக்காதான். அவளுக்கு வந்த கல்யாணப் பேச்சுகள் எல்லாம் "தம்பி எங்க இருப்பார்?" என்ற கேள்வியோடு நின்றுபோயின. அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. ஒரே ஒரு காலை, யாரும் எழுப்பாமல், தானாக விழிப்பு வரும்வரை தூங்க வேண்டும். அதைக்கூட வெளியே சொல்ல வெட்கப்பட்டாள்.

இந்தச் சமயத்தில்தான், நாலைந்து பேர் சேர்ந்து தாங்களே சமைத்துத் துவைத்து வாழும் இல்லம் ஒன்றில் ஓர் அறை காலியானது. பொறுப்பாளர் அம்மாள் ஒருநாள் காலை வந்து பார்ப்பார். எழுந்ததிலிருந்து வீட்டைப் பூட்டி வேலைக்கு வேன் ஏறும்வரை துரை தானே செய்துகொண்டால் அறை அவனுக்கு.

அவளும் மாதக்கணக்கில் உயிரைக் கொடுத்துப் பழக்கினாள். சோதனை நாளில் துரை ஜமாய்த்துவிட்டான். ஒரு பட்டனும் இடம் மாறவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டத் தலை வாரினான். டீ போட்டுக் குடித்தான். அடுப்பைப் பார்த்து "அணைச்சாச்சு" என்று அதனிடமே சொன்னான். செருப்பு மாட்டி, பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

நின்றவன் நின்றவன்தான். சமையலறைக் கதவோரம் இருந்த அக்காவையே பார்த்தான்.

"ஏன் நிக்கிறீங்க? கெளம்புங்க" என்றார் பொறுப்பாளர்.

"அக்கா இன்னும் சொல்லலையே."

"என்ன சொல்லணும்?"

"சரி, போலாம்னு."

தினமும் காலையில் அவன் காலரை நீவிவிட்டு அவள் சொல்வது அது. மையத்தில் வேறு யாராவது செய்திருந்தால் முதல் வாரமே கண்டுபிடித்துக் கிழித்திருப்பாள். வீட்டில் அவள் கண்ணுக்கே படவில்லை. இல்லை, பட்டது. பட்டன் அவன் கைக்குப் போனது, செருப்பும் போனது. அவளுக்கென்று மிஞ்சியது அந்த ஒரு சொல். அதைக் கேட்டதும் அவன் முகம் மலரும். அதை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை.

"அங்க நீங்க இருக்க மாட்டீங்களேம்மா" என்றார் பொறுப்பாளர், தணிந்த குரலில். "வாரக் கடைசி வரைக்கும் அறையை யாருக்கும் குடுக்கல. மறுபடி வரேன்."

மறுநாள் காலை, அவன் செருப்பு மாட்டும் நேரம் பார்த்து அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கண்ணில் படாவிட்டால் கிளம்பிவிடுவான் என்று நினைப்பு. செருப்புச் சத்தம் வாசலுக்குப் போனது. திரும்பிக் குளியலறைக் கதவுக்கு வந்தது.

"அக்கா, சரியா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தெருவில் வேன் ஹாரன் அடித்தது. இப்போது இறங்கிவந்தால் நாளைக்கு இரண்டு மடங்கு அடம் பிடிப்பார்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

"அக்கா, நான் சரியா போடலையா?" குரல் உடைந்தது. கதவுக்கு அந்தப்புறம் அழ ஆரம்பித்தான். வேன் மறுபடி கூப்பிட்டது.

"சரி, போலாம்" என்றாள்.

அழுகை அந்த நொடியே நின்றது. செருப்புச் சத்தம் துள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டியது. வெளியே பூட்டு விழுந்தது. பிறகு அவள் சொல்லிக்கொடுத்திருந்தபடியே அவன் அதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.