பிலோ நடந்த பத்து அடி

டெட்டால் நெடியோடு கலந்த முகப்பவுடர் வாசனை வந்தால் எனக்கு இன்றும் ஒரு வராந்தா ஞாபகத்துக்கு வருகிறது. அறுபதுகளின் கடைசியில், ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி நாங்கள் போய்வந்த ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவில், சிவப்புச் சிமென்ட் தரைமேல் பவுடரைத் தூவி, அதில் குழந்தைகளை வெறுங்காலோடு நடக்கவிட்டு, பதிந்த தடங்களை நாடாவால் அளந்து எழுதுவார்கள். என் தங்கை பிலோமினாவின் தடத்தில் குதிகாலே இருக்காது; விரல்களும் முன்பாதமும்தான், அதுவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்.

பிலோ பிறந்தபோது அழவில்லையாம். மூளைக்குக் காற்று போகாமல் கொஞ்ச நேரம் நின்றதில் கால்கள் விறைத்துக்கொண்டன என்று டாக்டர் விளக்கிச் சொன்னதை எங்கள் தெருவில் ‘காலு இஸ்துகிச்சு’ என்று முடித்துவிட்டார்கள். நான் சொல்லும் வருஷத்தில் அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பதினொன்று. அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டினார். வெளியே போனால் அவளை இடுப்பில் சுமப்பது நான். வீட்டுக்குள் அவள் தவழுவாள்.

அந்த வருஷம் நான் படித்த பள்ளிக்கூடத்தில் அவளையும் சேர்க்கக் கேட்டபோது, குழந்தை தானாக நடக்கும் என்று டாக்டர் எழுதித் தந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அம்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே பத்து அடி தூரம். இரண்டு மாதம், சாயங்காலம் தவறாமல், அதில் பிலோவை நடக்கவிட்டாள். “பத்தே அடி நடந்துகினு வந்துடுடி கண்ணு, அப்பால கேக்க மாட்டேன்” என்பாள். பிலோ மூன்றாவது அடியில் விழுவாள், ஐந்தாவதில் விழுவாள். முழங்காலில் ஒரு புண் ஆறுவதற்குள் அடுத்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு பத்தையும் நடந்துவிட்டாள். நடந்து முடித்ததும் உடம்பு முழுக்க வெடவெடக்கும்.

ஆஸ்பத்திரியிலும் அதே பத்தை நடந்தாள். டாக்டர் குனிந்து தடங்களை வெகுநேரம் பார்த்தார்.

“வீட்ல எப்படிம்மா? குழாயடிக்கு, கடைக்கெல்லாம் நடந்து போகுதா?”

“நல்லா நடக்குது டாக்டர். தெரு முனை வரிக்கும் போயிட்டு வரும்” என்றாள் அம்மா.

அவருக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி, “நீ சொல்லு பாப்பா” என்றார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவள் கை என் தோள்மேல் இருந்தது. அது அசையவே இல்லை.

“ஆமா டாக்டர்” என்றேன். கடிதம் கிடைத்தது.

பள்ளிக்கூட வாசலில் பிலோவைச் சீருடையோடு இறக்கிவிட்ட அன்று அம்மா சிரித்ததைப்போல் அதற்குமுன் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் நடக்கும் என்று எழுதியிருந்ததால் அங்கே அவளைத் தூக்கிப்போக யாரையும் விடவில்லை. வகுப்புக்கும் கக்கூஸுக்கும் நடுவே வெறும் மணல். அவள் பாதி வழி போவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். மூன்றாவது வாரம், நனைந்த பாவாடையோடு அவள் நடுமணலில் உட்கார்ந்திருக்க, சுற்றி நின்ற பிள்ளைகள் ‘கலீஜ், கலீஜ்’ என்று கத்துவதை என் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஓடிப்போய்த் தூக்கினேன். அவள் அழவில்லை. என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, “ஆமான்னு ஏங்க்கா சொன்ன?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பவுடரைத் தூவுவதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்: “வூட்ல தவழ்ந்துகினுதான் கீது டாக்டர். அன்னிக்கு நான் பொய் சொன்னேன்.” அம்மாவும் பொய் சொன்னாள் என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் திட்டவில்லை. “இங்க பத்தடி நடக்கிறது நடை இல்லம்மா. நாள் முழுக்க அந்தக் காலை வச்சுக்கிட்டு அது என்ன பாடு படுதுன்னு தெரிஞ்சாதான் நான் ஏதாவது செய்ய முடியும்” என்றார்.

அதன்பிறகு குதிகால் நரம்பைத் தளர்த்த ஓர் ஆபரேஷன், ‘இரும்பு ஷூ’, கக்கத்தில் இரண்டு கட்டைகள். மறுவருஷம் வேறு பள்ளிக்கூடம்; அங்கே அவளைத் தூக்கிப்போக ஓர் ஆயா இருந்தார். கட்டை ஊன்றிக்கொண்டு பிலோ பத்தாவது வரை படித்தாள். நான் சொன்னது சரியா, தப்பா என்று அம்மா ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. சொல்வாள் என்று பல வருஷம் காத்திருந்தேன். சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள்.

அந்த வராந்தாவை எப்போதோ இடித்துவிட்டார்கள்; எங்கள் தெருவின் ஓட்டு வீடுகளும் போய்விட்டன. இப்போது காமிராவும் கம்ப்யூட்டரும் வைத்து நடையை அளக்கிறார்களாம். பிலோவுக்கு நாற்பது வயதுக்குமேல் கட்டையோடு நடப்பதும் முடியாமல் போயிற்று; திருவொற்றியூரில் சக்கர நாற்காலியில் இருந்தபடி பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். போன மாதம்தான், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, மன்னிப்புக் கேட்கிற மாதிரி, நான் ‘ஆமா’ என்று சொன்ன அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவள் நோட்டுத் திருத்துவதை நிறுத்தவில்லை.

“டாக்டரு அம்மாவ கேட்டாரு, உன்னிய கேட்டாரு. நானும் அங்கதானேக்கா நின்னுகினு இருந்தேன்” என்றாள். “என்னிய கேட்டிருந்தா, முடியலன்னு சொல்லியிருப்பேன்.”